மானெய்யும் அம்பின் தலை: அலகும் செப்பமும்

1. நுவல்பொருள்

அம்பு என்னும் ஒரு பொருளுக்குத் தமிழில் பெயர் பல. கணை, பகழி, வாளி, கோல் முதலாய பெயர்களை நிகண்டு நூல்கள் ஒருங்கே தொகுத்துரைக்கும். சொற்களைத் தொகுத்தலே நிகண்டின் நோக்கமாதலின், அவை இப்பெயர்களுக்கிடையே வேறுபாடு காட்டாமை குறையாகாது. ஆயின் அவற்றைப் பின்பற்றிப் பாட்டுக்குப் பொருள் காணும் நாமும், எல்லா அம்பும் ஒன்றே என்னும் எண்ணத்தோடு படித்துச் செல்கின்றோம். வேட்டுவன் அவ்வாறு எண்ணியவன் அல்லன். யானையை எய்தற்கு உரிய தலை மானை எய்தற்குச் சிறந்ததன்று. புள்ளுக்கு உரியது பன்றிக்கு ஆகாது. அம்பின் தொழில் அதன் தலையால் அமைவது. வேட்டுவன் அறிந்த இவ்வேறுபாட்டைப் புலவரும் அறிந்திருந்தனர் என்பதும், அதனை நாம் அறியாதவழிச் சில பாட்டுகளின் பொருள் நமக்கு முழுதும் புலனாகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் சான்றுகளிற் சில சென்னைக்கு மேற்கே, மேனாம்பேட்டை நடுவாகக் கொண்டு சூழ நோக்குவார்க்கு அணிமையிலேயே கிடைக்கின்றன. மேனாம்பேடு இன்று பெருநகர்ச் சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர்ப் பகுதியுள் அடங்கிய ஊர். எஃகைக் கடைந்தும் சாணையிட்டும் கருவி செய்யும் பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டை அதன் அருகே உள்ளது. அதற்கு மேற்கே, கொசத்தலையாற்றங்கரையில், 1863ஆம் ஆண்டு இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் கண்டறிந்த அத்திரம்பாக்கம் என்னும் பழங்கற்கால இடம் உள்ளது. அப்பகுதியின் தொல்பொருள்களைப் பூண்டி அகழ்வைப்பகத்திற் காணலாம். தெற்கே, வேட்டுவர் குலத்துத் திண்ணனாரின் வேட்டையை விரித்துப் பாடிய சேக்கிழாரின் ஊராகிய குன்றத்தூர் உள்ளது. கிழக்கே எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை விலக்கிவிட்டது. எனவே ஈண்டு நாம் கூறுவன வேட்டையாடுதற்கு வழிகாட்டுவன அல்ல. எனினும் அம்பால் மானெய்தல் உலகில் இன்றும் வழக்கொழியாத தொழில். தமிழர் பெருந்தொகையினராய் வாழும் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், உரிமம் பெற்றார் குறுக்குவில்லால் மான் வேட்டையாடுதலைச் சட்டம் ஒப்புகின்றது. அம்பின் தலை எத்தன்மையதாதல் வேண்டும் என்றும் அது வரையறுக்கின்றது. வாழும் அத்தொழிலை அளவுகோலாகக் கொண்டு நம் பழம் பாட்டுகளை நோக்குதல் பயனுடைத்து.

2. குறுக்குவில்லும் குறுங்கணையும்

குறுக்குவில் என்பது ஒரு தண்டின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, நாணைப் பின்னிழுத்து ஒரு விசையிற் கொளுவி, விரலால் அவ்விசையைத் தளர்த்தி எய்யும் கருவி. கைவில்லில் நாணை இழுத்த கையே அதனைத் தாங்கி நிற்றல் வேண்டும். குறுக்குவில்லில் அப்பொறையை விசை ஏற்கின்றது. சீனத்தில் இதன் வெண்கல விசையமைப்புகள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே வழங்கின. நிக்கோபார்த் தீவினர் புள் எய்தற்கு இத்தகைய வில்லைக் கையாண்டனர். தமிழில், சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரைப் புறமதிலின் பொறிகளை எண்ணுமிடத்து வளைவிற்பொறி என்பதொன்றைக் கூறும். அடியார்க்கு நல்லார் அதனைத் தானே வளைந்து எய்யும் எந்திர வில்லாகக் கொள்வர். அஃது அரண்காக்கும் பொறியேயன்றி வேட்டைக் கருவி அன்று. எனினும் பொறியால் அம்பு எய்தல் தமிழர் அறிந்ததே என்பதற்கு அது சான்றாகும்.

அம்பின் உறுப்புகள் நான்கு. நாணோடு பொருந்தும் அடி ஒன்று; அதனை உடு என்றும் குதை என்றும் வழங்குவர். அதனையடுத்து, பறக்குங்கால் அம்பை நேர்நிறுத்தும் இறகு ஒன்று. தண்டாகிய கோல் ஒன்று. முன்னே நிற்கும் தலை ஒன்று. குறுக்குவில்லின் அம்பு கைவில்லின் அம்பினும் குறியது. ஆதலின் அதனைக் குறுங்கணை என்போம். தலையின் இருபுறத்தும் அன்றி மூன்று நான்கு புறத்தும் வாய் தீட்டிய தகடுகள் அமைந்திருப்பின், அத்தகடுகளை அலகு என்றும், அவற்றையுடைய தலையை அகலலகுத் தலை என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

3. அலகு கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டு தன் பெருவிசையால் தசையைச் சிதைத்து, சுற்றியுள்ள பகுதியையும் அதிரச் செய்து கொல்லும். அம்பு அவ்வாறன்று. அது செல்லும் வழியிலுள்ள குருதிக் குழாய்களை அறுத்துக் குருதியை வடியச் செய்தே கொல்லும். இவ்வொரு வேறுபாட்டினின்றே அம்புத்தலைத் தேர்வு பற்றிய எல்லாம் பிறக்கின்றன. அலகு மழுங்கியதாயின் நெகிழ்ந்து கொடுக்கும் குழாய்களை ஒதுக்கிக்கொண்டு சென்றுவிடும். கூரியதாயின் தொட்ட அளவிலே அறுக்கும். மழுங்கிய வாயாற் கிழிந்த புண்ணில் குருதி விரைந்து உறையும். கூரிய வாயால் அறுபட்ட புண்ணில் உறைதல் தாழ்க்கும். மேலும், அம்பு மறுபுறம் ஊடுருவிச் சென்றால் இரண்டு வாயில்கள் உண்டாகிக் குருதி நிலத்தில் மிகுதியாகச் சிந்தும்; வேட்டுவன் தொடர்தற்கு அதுவே தடமாகும்.

இவ்வாறு எய்யப்பட்ட மான் நின்ற இடத்திலேயே வீழ்வது அரிது. முன்காலின் பின்னே விலாவிற் புகுந்து இரு நுரையீரலையும் அறுத்த அம்பைப் பெற்ற மானும் சிறிது தொலைவு ஓடியே வீழும். பொதுவாக அது நூறு கெசத்துக்குள் அடங்கும். அம்பு வயிற்றிற் பாய்ந்ததாயின் மான் நெடுந்தொலைவு சென்று பல நாழிகை வருந்தும். ஆதலின் தேர்ந்த வேட்டுவர் எய்தவுடன் ஓடித் தொடர்வதில்லை. அரை மணி நேரமேனும் பொறுத்திருந்து, பின்னரே குருதித் தடம் பற்றிச் செல்வர். துரத்தப்படாத மான் அணிமையிலே படுத்து உயிர் விடும். துரத்தப்பட்ட மான் எஞ்சிய வலிமையெல்லாம் கொண்டு ஓடி மறையும்.

இவ்வுண்மை நம் அகப்பொருள் மரபொன்றனை நன்கு விளக்குகின்றது. திருக்கோவையாரின் மதியுடம்படுத்தல் என்னும் பகுதியில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்னும் துறைகள் வருகின்றன. தலைவன் தலைவியும் தோழியும் நிற்கும் தினைப்புனத்திற்கு வந்து, தன் அம்பு பட்ட கலைமான் இவ்வழிப் போந்ததோ என்று வினவுவான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் தான் தொடர்ந்த விலங்குகளைத் தப்பவிட்டவனாய் வந்து வினவும் நிகழ்ச்சி உண்டு. இவ்வினா சொல்லாடுதற்கு ஒரு தலைக்கீடே என்பதை உரையாசிரியர் விளக்குவர். ஆனால் அத்தலைக்கீடு ஏன் பொருந்துகின்றது என்பதை நாம் எண்ணுவதில்லை. எய்த இடத்திலேயே மான் வீழுமாயின் அவ்வினாவுக்கு இடமே இல்லை. அம்பு பட்ட மான் ஓடுதலும், எய்தவன் தடம் தேடி வருதலும் குறிஞ்சி நிலத்து அன்றாட நிகழ்ச்சிகள். பொய்யாக வினவினும், மெய்யாக நிகழக்கூடியதையே தலைவன் வினவுகின்றான். இத்துறை ஏட்டறிவால் எழுந்ததன்று. அகலலகு அம்பின் இயல்பறிந்த மக்களிடை எழுந்தது எனக் கொள்ளுதல் தகும்.

4. தலையின் வகைகள்

வடமொழி வில்நூல்கள் அம்பின் முகத்தைப் பத்து வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒரு தொழில் கூறும். ஊசிமுகம் கவசத்தைத் துளைத்தற்கு. பல்லம் மார்பைப் பிளத்தற்கு. பிறைமுகம் கழுத்தை அறுத்தற்கு. இப்பகுப்புப் போரை நோக்கியது. எனினும் துளைப்பது வேறு, அறுப்பது வேறு என்னும் அடிப்படை வேட்டைக்கும் பொதுவே. தலை குறுகியிருப்பின் ஆழச் செல்லும். அகன்றிருப்பின் மிகுதியாக அறுக்கும். ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும். அம்புத்தலைத் தேர்வு என்பது இவ்விரண்டினுக்கும் நடுவே ஓர் அளவு காண்பதேயாகும்.

இன்று குறுக்குவில்லாளர் வழங்கும் அகலலகுத் தலைகள் இருவகைப்படும். ஒன்று அலகு அசையாது நிலைத்திருப்பது. மற்றொன்று பறக்குங்கால் அலகு மடங்கியிருந்து, பட்டவிடத்து விரிவது. முன்னதனை நிலையலகு என்றும் பின்னதனை விரியலகு என்றும் கூறுவோம்.

நிலையலகு எளிய அமைப்புடையது. முரிதற்குரிய உறுப்புகள் குறைவு. எலும்பைத் தாக்கினும் பெரும்பாலும் தன் வடிவு திரியாது. அதன் குறை, அலகு காற்றில் சிறகுபோலத் தொழிற்படுதலாம். அம்பின் பின்னுள்ள இறகு அம்பை நேர்நிறுத்த முயலும். முன்னுள்ள அலகு அதனை வேறுபக்கம் திருப்ப முயலும். விசை மிகுந்தோறும் இம்முரண் பெருகும். குறுக்குவில்லின் அம்பு நொடிக்கு 300 முதல் 400 அடி வரை செல்வதாதலின், இக்குறை கைவில்லினும் இதன்கண் பெரிதாகத் தோன்றும்.

விரியலகு மடங்கிய நிலையில் பயிற்சிக்குரிய வெறுமுனை போலவே பறக்கும். குறி தவறுதல் குறைவு. விரிந்தபின் அதன் அறுப்பகலம் இரண்டு அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 51 மில்லிமீட்டர் வரை செல்வதுண்டு. ஆனால் விரிதற்கும் அகன்ற வழி அறுத்தற்கும் அது தன் விசையிற் பெரும்பங்கைச் செலவிடும். எலும்பிற் பட்டால் அலகு முரிதலும் உண்டு. குறுக்குவில் நாண் விடுபடும் அதிர்ச்சியில் அலகு வழியிலேயே விரிந்துவிடாதவாறு, இவ்வில்லுக்கென்றே வலிய பிடிப்பு அமைந்த தலைகளைச் செய்கின்றனர். கைவில்லுக்கு உரியதனை இதன்கண் பூட்டுதல் தவறு.

அலகின் எண்ணிக்கையும் நோக்கத்தக்கது. 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ஈரலகுத் தலை 32 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளவை உண்டாக்கும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூவலகுத் தலையில் ஒவ்வோரலகும் நடுவிலிருந்து 13.5 மில்லிமீட்டர் அறுப்பதால், மொத்த அறுப்பு 40.5 மில்லிமீட்டராகும். எனவே மூவலகு குறுகியதாயினும் மிகுதியாக அறுக்கும். அதன் புண்வாய் மூடிக்கொள்ளுதலும் அரிது. ஈரலகோ குறைந்த தடையோடு ஆழச் செல்லும். வலிமை குறைந்த வில்லுக்கு ஈரலகும், வலிமை மிக்க குறுக்குவில்லுக்கு மூவலகும் பொருந்தும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒண்டாரியோ மாநில விதி, மானெய்தற்குரிய குறுங்கணையின் தலை அகன்றவிடத்தில் 22 மில்லிமீட்டரேனும் இருத்தல் வேண்டும் என்றும், கூரிய வாய் இரண்டேனும் உடைத்தாதல் வேண்டும் என்றும் கூறும். வில்லின் இழுவிசையும் 45 கிலோகிராமிற்குக் குறையலாகாது. அலகின் அகலத்தையும் வில்லின் வலிமையையும் ஒருங்கே வரையறுத்தமை கருதத்தக்கது. அகன்ற அலகை வலியற்ற வில்லில் ஏற்றினால் அது தோலையும் விலாவையும் கடவாது நின்றுவிடும் என்பதை அறிந்து செய்த விதி அது.

ஈண்டுப் புறநானூற்று 152ஆம் பாட்டை நினைத்தல் வேண்டும். வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் கலைமானையும் பன்றியையும் உருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடுகின்றார். இது புனைந்துரை என்பதில் ஐயமில்லை. ஆயின் புலவர் எதனைப் புனைந்தார் என்பது நோக்கற்பாலது. அவர் புகழ்வது அம்பின் ஊடுருவும் ஆற்றலை. அத்தகைய ஆற்றல் குறுகிய, தடித்த, பாரமான தலைக்கு உரியது. கலைமான் வினாதல் அறுத்து ஓடவிடும் அம்பை நினைந்து எழுந்த துறை. ஓரியின் பாட்டுத் துளைத்து உருவும் அம்பை நினைந்து எழுந்தது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் எய்த அம்பு யானையின் முகத்தில் அழுந்துகின்றது; குருதி வழிய யானை புறங்காட்டி மீள்கின்றதேயன்றி ஆண்டே வீழ்ந்துபடவில்லை. தலையெலும்பின் தடையைக் கபிலர் மறந்திலர். இம்மூன்றிடத்தும் அம்பு என்பது ஒன்றன்று. அதன் தொழில் வேறுவேறு.

5. எடையும் விசையும்

அம்புத்தலையின் எடையைக் கிரேன் என்னும் அளவாற் கூறுதல் வழக்கு. 100 கிரேன் ஏறத்தாழ 6.5 கிராம். குறுக்குவில்லுக்கு 100, 125, 150 கிரேன் எடையுள்ள தலைகள் பெரிதும் வழங்குகின்றன. தலை பாரமாயின் அம்பின் எடைநடு முன்னே செல்லும். அம்பு தன் நேரை விரைவில் அடையும். பட்டபின் முன்னோக்கி உந்தும். தலை மிகப் பாரமாயின் வேகம் குறைந்து, தொலைவு செல்லுங்கால் அம்பு தாழும்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவிக்கும். 400 கிரேன், அஃதாவது 26 கிராம் எடையுள்ள குறுங்கணை நொடிக்கு 350 அடி வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 148 சூல், உந்தம் நொடிக்கு 2.8 கிலோகிராம் மீட்டர். 30 கிராம் எடையுள்ள அம்பு எளிய கைவில்லினின்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்வதாயின் ஆற்றல் 37.5 சூல், உந்தம் 1.5. ஆற்றல் ஏறத்தாழ நான்மடங்காகப் பெருகியவிடத்தும் உந்தம் இருமடங்கும் ஆகவில்லை என்பது காண்க. ஊடுருவுதற்கு வேகத்தோடு எடையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். வேகத்தை மட்டும் நோக்கி மிக இலேசான தலையையும் கோலையும் தேர்தல் அறிவுடைமையன்று.

வேகம் எத்துணையதாயினும் ஒலியினும் குறைந்ததே. 40 கெச தொலைவிலுள்ள மானை நாணொலி நொடியில் பத்திலொரு பங்கிற் சென்றடையும். அம்பு சேர மூன்றிலொரு பங்கு ஆகும். இவ்விடைவெளியில் வெருண்ட மான் உடலைத் தாழ்த்துவதுண்டு. நுரையீரலை நோக்கிய அம்பு முதுகிற் படுவது இதனாலேயே. தலை எத்துணைச் சிறந்ததாயினும் நெடுந்தொலைவு எய்தலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

6. செப்பம்

இதுகாறும் கூறிய அகலம், அலகு, எடை ஆகிய அனைத்தினும் தலையாயது ஒன்று உண்டு. தலையும் கோலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்றலே அது. தலை மயிரளவு சாய்ந்திருப்பினும், விரைந்து செல்லும் அம்பு குறியினின்று விலகும். பட்டவிடத்தும் நேரே செல்லாது விசையை வீணாக்கும். ஆகவே தேர்ந்தவர் ஒவ்வோரம்பையும் தலை பூட்டியபின் சுழற்றிப் பார்ப்பர். கோலை விரல் நகங்களின்மேல் ஏந்திச் சுழற்றுவது இதற்குப் பழைய முறை. நேரான அம்பு ஓசையின்றி வழுக்கிச் சுழலும். கோணலான அம்பு நகத்தின்மேல் துள்ளித் துள்ளித் தட்டும். கண்ணுக்குப் புலனாகாத கோணலும் இவ்வோசையால் புலப்படும்.

இதனை மனத்திற்கொண்டு குறுந்தொகையின் 16ஆம் பாட்டை நோக்குவோம். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது இது. பிரிந்து சென்ற தலைவன் நம்மை நினையானோ என்று தோழி கூறுமிடத்து, அவன் கடக்கும் கள்ளிக்காட்டில் செங்காற்பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி, ஆறலை கள்வர் தம் இரும்பு புனைந்த அம்பைச் செப்பம் செய்தற்பொருட்டு நகத்தின் நுனியிற் புரட்டும் ஓசையை ஒத்தது என்கின்றாள். கொலைக்கருவியின் ஓசையும் காதலழைப்பும் ஒன்றாதலே இப்பாட்டின் நயம் என்பதை யாவரும் அறிவர்.

கள்வர் செய்வது யாது? அம்பின் கூர்மையை நகத்தில் வைத்துத் தேர்கின்றனர் என்று பொதுவாகப் பொருள் கூறப்படும். அதுவும் தொழிலுக்கு ஒத்ததே. அலகின் வாய் நகத்தைப் பற்றுமாயின் கூரியது என்றும், வழுக்குமாயின் மழுங்கியது என்றும் அறிதல் இன்றும் உள்ள வழக்கு. ஆயினும் மூன்று காரணங்களால் இப்பொருள் முழுதும் நிறைவு தருவதாகத் தோன்றவில்லை. முதலாவது, புலவர் ஆண்ட சொல் கூர்மையன்று, செப்பம். செப்பம் என்பதற்கு நேர்மை, நடுவு, ஒழுங்கு என்னும் பொருள்களே சிறந்தன. வள்ளுவரும் நடுவு நிலைமை கூறுமிடத்து இச்சொல்லை ஆள்கின்றார். 279ஆம் குறளில் வடிவால் நேரிதாயினும் செயலாற் கொடியது என்பதற்கு அம்பையே காட்டுகின்றார். இரண்டாவது, கள்வர் அம்பை நகத்திற் புரட்டுகின்றனர். கூர்மை காண்பார்க்கு உரசுதல் போதும். சுழற்றிப் புரட்டுதல் நேர்மை காண்பார்க்கே இன்றியமையாதது. மூன்றாவது, பல்லியின் ஒலி இழுத்து ஒலிக்கும் உரசொலி அன்று. விட்டுவிட்டுத் தட்டும் ஒலி. நேரற்ற அம்பு நகத்தின்மேற் சுழலுங்கால் எழுவதும் அத்தகைய ஒலியே.

எனவே கள்வர் தம் அம்பின் தலையும் கோலும் நேர்நிற்கின்றனவா என்று சுழற்றித் தேர்ந்து, கோணியதைத் திருத்துகின்றனர் எனக் கொள்ளுதல் சொல்லுக்கும் உவமைக்கும் ஒருங்கே பொருந்துவதாகும். ஈரலகுத் தலையின் வாயிரண்டையும் மாறிமாறி நகத்தில் வைத்துப் புரட்டிக் கூர்மை கண்டனர் என்பார்க்கும் இடமுண்டு. அப்பொருளை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆனால் செப்பம் என்னும் சொல்லைக் கூர்மை என்று மட்டும் சுருக்கிவிடுவது, வில்லாளர் ஓரம்பைத் தேரும் முறையின் முதற்படியையே மறைத்துவிடும். அம்பை எய்தறியாத நாம் ஓசை கேளாமலே உவமையைப் படித்தோம். எய்தறிந்த புலவர் கேட்ட ஓசையையே பாடினார்.

7. முள்ளுடைத் தலை

அலகின் பின்னோரம் கொக்கிபோல் வளைந்து, புகுந்த அம்பு வெளிப்போதராதவாறு பற்றிக்கொள்ளும் தலையை முள்ளுடைத் தலை எனலாம். வடமொழியில் இதற்குக் கர்ணி என்பது பெயர். மனுவின் நூல், போரில் நஞ்சு தோய்த்ததும் தீக்கொளுவியதுமாகிய அம்புகளோடு இதனையும் விலக்குகின்றது. இன்று அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலம் மான் வேட்டையில் இத்தகைய தலையை விலக்கியுள்ளது. காலத்தாலும் நாட்டாலும் தொடர்பற்ற இரு விதிகள் ஒரே முடிவுக்கு வந்தமைக்குக் காரணம் வெளிப்படை. தப்பிய விலங்கின் உடலில் முள்ளுடைத் தலை தங்கி நெடுநாள் வருத்தும். முள்ளற்ற தலையோ பெரும்பாலும் கழன்று வீழும். புண் ஆறுதற்கும் வாய்ப்புண்டு.

ஆயினும் பற்றுதலையே நோக்கமாகக் கொண்ட தலையும் உண்டு. அந்தமான் தீவினரின் பன்றியம்பில் தலை கோலினின்று கழலும். இரண்டையும் ஒரு கயிறு பிணைத்து நிற்கும். அம்பு பட்ட பன்றி ஓடுங்கால் கோல் பின்னே இழுபட்டுப் புதரிற் சிக்கி அதனை நிறுத்திவிடும். அடர்காட்டில் குருதித் தடம் பற்றிச் செல்லுதல் அரிதாதலின் அம்மக்கள் கண்ட வழி அது. எனவே முள் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. விலங்கை விரைவில் கைப்படுத்த உதவுகின்றதா, தப்பியதை வருந்தவிடுகின்றதா என்பதே வினா.

8. முடிபு

குன்றத்தூர்ச் சேக்கிழார் திண்ணனாரின் வேட்டையைப் பாடுமிடத்து, அவ்வேட்டுவர் யானைக் கன்றுகளைத் தொடரார் என்றும், சிறு குருளைகளைக் கொல்லார் என்றும், கருவுற்றுத் தளர்ந்தவற்றை வருத்தார் என்றும் கூறுகின்றார். கொலைத்தொழிலுக்கும் ஒரு வரம்புண்டு என்பது அவர் கருத்து. எதனை எய்யலாகாது என்பது அவ்வரம்பின் ஒரு பாதி. எய்வதனை வருந்தவிடலாகாது என்பது மற்றொரு பாதி. பின்னதற்கு உரிய கருவியே தகுதியான அம்புத்தலை.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், மானெய்யும் குறுங்கணைக்குத் தலை தேர்வார் நோக்குவன ஐந்து. வில்லின் வலிமைக்கு ஏற்ற அகலம். எலும்பிற்கு முரியாத அலகு. கோலோடு ஒத்த எடை. நகத்தைப் பற்றும் கூர்மை. சுழற்றியவிடத்து ஓசை செய்யாத செப்பம். பயிற்சியில் எய்து மழுங்கிய அலகை மீளத் தீட்டாது வேட்டைக்குக் கொண்டு செல்லாமை இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. விரியலகோ நிலையலகோ என்னும் வழக்கு இவ்வைந்திற்கும் பிற்பட்டது. செப்பமற்ற விரியலகினும் செப்பமுடைய நிலையலகு நன்று. மழுங்கிய மூவலகினும் கூரிய ஈரலகு நன்று.

நம் நாட்டில் இவ்வறிவுக்கு வேட்டைப் பயன் இல்லை, இருத்தலும் வேண்டா. கிண்டிக் காட்டில் எஞ்சியுள்ள புள்ளிமானும் வெளிமானும் அம்புக்கு இலக்காகாது வாழ்தல் வேண்டும். ஆயின் இருவகைப் பணிகள் இவ்வறிவை வேண்டி நிற்கின்றன. ஒன்று அருங்காட்சியகப் பணி. தாழிகளினின்றும் கற்பதுக்கைகளினின்றும் எடுத்த இரும்புத் துண்டுகளை அம்புமுனை என்னும் ஒரே பெயரால் குறித்து வைத்தல் போதாது. அவற்றின் அகலம், நீளம், தடிப்பு, வாயின் எண்ணிக்கை, முள்ளுண்மை இன்மை, கோலிற் செருகும் காம்புடையதா கோலைத் தன்னுள் ஏற்கும் குழலுடையதா என்பவற்றை அளந்து எழுதினால், எது புள்ளுக்கு உரியது, எது மானுக்கு உரியது, எது போருக்கு உரியது என்பது ஓரளவு தெளிவாகும். துருவால் எடை மாறியிருக்குமாதலின், எடையினும் வடிவளவே நம்பத்தக்கது. கைவில்லின் அம்புத்தலைக்கு வேண்டிய இலேசைக் கடந்து பாரமாயிருக்கும் துண்டுகளை ஈட்டிமுனை எனப் பிரித்தறிதலும் இதனால் கைகூடும்.

மற்றொன்று உரைப்பணி. செப்பம் என்னும் ஒரு சொல்லில் ஒரு தொழிலின் நுட்பம் முழுதும் அடங்கியிருந்தது. தொழில் மறைந்தபோது சொல் மட்டும் ஏட்டில் எஞ்சியது. உழவு, மீன்பிடி, நெசவு, கொல்லு முதலிய தொழில்களின் சொற்களும் பாட்டுகளில் இவ்வாறே நிற்கின்றன. அத்தொழில் செய்வார் இன்னும் வாழுங்கால் அவர்பாற் சென்று கேட்டறிதல் நம் கடன். எஃகைத் தீட்டுவாரும் நேர்நிறுத்துவாரும் மேனாம்பேட்டின் அருகுள்ள பட்டறைகளில் இன்றும் உள்ளனர். ஒரு கோல் கோணியிருப்பதை ஓசையால் எவ்வாறு அறிவது என்று அவர்களைக் கேட்டால், குறுந்தொகைக்கு உரை எழுதுவார்க்கு உதவும் விடை கிடைத்தல் கூடும்.